வரிசையில் ஐந்தாவது

காலையில் வந்ததும் வராததுமாக அகாய் தோஷியேயின் தனுக்கியைத் தொலைத்துவிட்டார்.

"எங்கம்மா உன் விலங்கு?"

விசைகளிலிருந்து அவர் கையை எடுக்கவில்லை. டி.வி. திரையில் ஒரு படகுத்துறை. மூன்று பயணிகள் வரிசையில் நிற்கிறார்கள். சீட்டுப் பரிசோதகர் இடப்பக்கமிருந்து வரிசைக்குள் நுழைந்திருக்கிறார். வரிசையின் கடைசியில் நின்ற, குள்ளநரி போன்ற அந்தத் தனுக்கியைக் காணோம்.

பரிசோதகர் அந்த வெற்றிடம் வரை நடந்தார். விசில் ஊதினார். ஆட்டம் முடிந்தது.

"பாரு, கண்ணுக்கே தெரியாததைப் பிடிச்சிட்டாரு. உங்க படகு ஆபீஸ்ல இப்படித்தான் பிடிப்பீங்களா?"

"அங்க கண்ணுக்குத் தெரியறதையே பிடிக்க மாட்டாங்கண்ணே," என்றாள் தோஷியே.

தகாமாட்சு ரயில் நிலையத்துக்குப் பின்தெருவில், ஊதோன் நூடுல்ஸ் கடையின் மாடியில் இருந்தது கம்பெனி. மொத்தம் மூன்று பேர். முதலாளி மியாதாகே முன்பு டி.வி. பழுது பார்த்தவர். எம்.எஸ்.எக்ஸ் என்ற வீட்டுக் கணினிகள் வந்த புதிதில் ஒன்றைத் தருவித்துக் கடை முகப்பில் வைத்தார். வாங்க ஒருவரும் வரவில்லை. விளையாடக் கூட்டம் வந்தது. அவர் தொழிலைக் கணினி ஆட்டங்களுக்கு மாற்றிக்கொண்டார். இதுவரை வெளிவந்த ஆட்டங்கள் எல்லாம் அகாய் எழுதியவை. தோஷியே படகுத்துறையில் ஒலிபெருக்கி அறிவிப்பாளராக இருந்தவள். அதை விட்டுவிட்டு இங்கே வந்து, அகாயின் ஆட்டங்களில் எதிரிகள் எந்தப் பாதையில் பறக்க வேண்டும் என்ற எண்களைத் தட்டினாள். மீதி நேரத்தில் தனக்கென்று ஒரு ஆட்டம் எழுதினாள்.

யாஷிமா மலைத் தனுக்கி ஒன்று கடலுக்கு அக்கரையில் உள்ள உனோ போகும் படகில் ஓசியில் ஏறப் பார்க்கிறது. அவ்வளவுதான் கதை. கட்டத்துக்கு ஒரு படகுத்துறை. மலைத் தனுக்கிகள் இலையைப் பணமாக்கும், ஆளை மயக்கும் என்று ஊரில் சொல்வார்கள். தோஷியேயின் தனுக்கிக்கு அந்த வித்தை எதுவும் தெரியாது. ஓடத் தெரியும், நிற்கத் தெரியும்.

இன்று மதியம் ஒசாகாவிலிருந்து குகே வருகிறார். மொத்த வியாபாரி. இலையுதிர்காலத்துக்கு ஒரே ஒரு ஆட்டத்தைக் கார்ட்ரிட்ஜில் போட்டுக் கடைகளுக்கு அனுப்புவார். அகாயின் விண்வெளிச் சண்டையா, தோஷியேயின் தனுக்கியா என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். தேறாதது இழுப்பறைக்குப் போகும் என்று மியாதாகே முன்னமே பட்டென்று சொல்லிவிட்டார். தனுக்கி இழுப்பறைக்குப் போனால் தோஷியே எதிரிகளின் எண்களுக்குத் திரும்ப வேண்டும்.

"இதுக்கு என்ன நம்பர் குடுத்திருக்க?" என்றார் அகாய்.

"கடைசி நம்பர்."

"கடைசியா!"

அவர் அதிர்ந்ததற்குக் காரணம் இருந்தது. இந்தக் கணினியில் படம் வரையும் சிப்பான படச்சில்லு ஒரே கிடைக்கோட்டில் நான்கு உருவங்களைத்தான் காட்டும். ஐந்தாவது ஒன்று வந்தால், எண் வரிசையில் பிந்தியதை வரையாமல் விட்டுவிடும். தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் இது தெரியும். அதனால் நாயகனுக்கு எப்போதும் முதல் எண். எது மறைந்தாலும் நாயகன் மறையக் கூடாது.

"ஏம்மா கடைசி?"

"முதல்ல பயணிகள். அப்புறம் ஊழியர்கள். சீட்டு இல்லாதவன் அதுக்கப்புறம்தானே?"

அகாய் தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். "இது படகு இல்லை தாயி!"

"கைப்பழக்கம்."

நேற்றுவரை பரிசோதகர் வரிசைக்கு வெளியே நடந்துகொண்டிருந்தார். ஆட்டம் சுலபமாக இருக்கிறதென்று நேற்று மாலைதான் அவரை வரிசைக்குள் விட்டாள். மூன்று பயணிகள், நான்காவது பரிசோதகர். தனுக்கி ஐந்தாவது ஆகிவிட்டது.

"நகரு," என்றார் அகாய். "குகே படகை விட்டு இறங்குறதுக்குள்ள சரி பண்ணிடலாம். என்னோடதைப் போட்டுடறேன்."

அவருடையது என்றால், எண்களை நொடிக்குப் பல தடவை மாற்றிப் போடும் சிறு நிரல்துண்டு. யாரும் முழுதாக மறைய மாட்டார்கள். எல்லோரும் முறை வைத்துக் கொஞ்சம் கொஞ்சம் மறைவார்கள். பார்க்கிறவர் கண்ணுக்கு உருவங்கள் லேசாக மினுங்கும், அவ்வளவுதான். ஒரு கணினிப் பத்திரிகை அதைப் புகழ்ந்து எழுதியிருந்தது. அந்தப் பக்கத்தை மியாதாகே சுவரில் ஒட்டியிருந்தார்.

அகாய் அரை மணி நேரத்தில் முடித்துவிட்டார். வேலையில் சுத்தமானவர். புதிய கேசட்டில் பதிவு செய்து அவளிடம் கொடுத்துவிட்டுக் கீழே சாப்பிடப் போனார்.

தோஷியே விளையாடிப் பார்த்தாள். பரிசோதகர் வரிசைக்குள் வந்தார். பயணிகள், பரிசோதகர், தனுக்கி என்று எல்லோரும் ஆயுள் முடிந்த குழல்விளக்கைப்போல் மினுங்கினார்கள். தனுக்கி எங்கே நிற்கிறது என்பது தெரிந்தது. அதை வெளியே ஓட்டினாள். படகேறியது. குறை சொல்ல ஒன்றுமில்லை.

பழைய கேசட்டை மறுபடி ஏற்றினாள். மின்விசிறி ஒன்றுதான், அதுவும் கணினியின் பக்கம் திரும்பியிருந்தது. மூவரில் யாரும் அதைத் தங்கள் பக்கம் திருப்பியதில்லை. கழுத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு விசையைத் தொட்டாள்.

பரிசோதகர் வந்தார். தனுக்கி போய்விட்டது. தன் முதுகு தானாக நிமிர்வதை அவள் கவனித்தாள். மூச்சு நின்றது. திரையில் இல்லாத ஒன்றை விரல் இன்னும் பிடித்துக்கொண்டிருந்தது. அகாயின் கேசட்டில் இது நடக்கவில்லை. எழுதிய அத்தனை மாதங்களில் ஒரு தடவைகூட நடக்கவில்லை.

விசில்.

"அதான்," என்று தனக்குள் சொன்னாள். "மறைஞ்சது தப்பில்லை. பிடிச்சதுதான் தப்பு."

படச்சில்லுக்கு ஒரு நல்ல பழக்கம் உண்டு. ஐந்தாவது உருவத்தை விட்டுவிடும்போது, எதை விட்டேன் என்று அதன் எண்ணை ஒரு மூலையில் குறித்து வைக்கும். கணினியின் கையேட்டிலேயே இருக்கிறது. ஆனால் யாரும் அந்த மூலையைக் கேட்பதில்லை. எதுவும் மறையாமல் பார்த்துக்கொள்வதுதான் எல்லோருக்கும் வேலை. தோஷியே சில வரிகள் சேர்த்தாள். பரிசோதகர் விசிலை எடுக்கும் முன் அந்த மூலையைப் பார்க்க வேண்டும். அங்கே தனுக்கியின் எண் இருந்தால், அவர் பேசாமல் நடந்து போக வேண்டும்.

விளையாடினாள். பரிசோதகர் வரிசைக்குள் வந்தார். தனுக்கி மறைந்தது. அவர் அதைக் கடந்து போனார். அவர் வரிசையை விட்டு வெளியே கால் வைத்ததும், தனுக்கி நின்ற இடத்திலேயே மறுபடி தெரிந்தது. பிடிக்க வந்தவரேதான் அதை மறைத்திருந்தார்.

அவள் சத்தம் போட்டுச் சிரித்தாள். படியேறி வந்த மியாதாகே கதவருகில் நின்றார்.

"என்ன, சரியாயிடுச்சா?"

"ஆயிடுச்சு முதலாளி. ஆனா அண்ணன் சரி பண்ணினது வேண்டாம்."

அகாயும் பின்னாலேயே வந்தார். தோஷியே இரண்டு கேசட்டையும் போட்டுக் காட்டினாள். மியாதாகே பல்லிடுக்கு வழியாகக் காற்றை இழுத்தார்.

"தோஷியே, நான் இருபது வருஷம் டி.வி. ரிப்பேர் பார்த்தவன். படம் காணாமப் போச்சுன்னா மனுஷன் என்ன நினைப்பான்? பெட்டி போச்சுன்னு நினைப்பான். தட்டுவான். அப்புறம் தூக்கிட்டுக் கடைக்கு வருவான்."

"நம்ம மானம் போகும்," என்றார் அகாய். "இந்தக் கம்பெனிக்கு நாலு உருவத்துக்கு மேல காட்டத் தெரியலைன்னு பத்திரிகைக்காரன் எழுதுவான். அதுவும் நான் இருக்கிற கம்பெனியில."

"எழுதட்டும்ண்ணே. விளையாடிட்டு எழுதட்டும்."

"குகே மறைஞ்சதைப் பார்த்த உடனே எழுந்து போயிடுவாரு."

"போனா தனுக்கியை இழுப்பறையில போடுங்க. நானே போடறேன். ஆனா அவருக்கு இதைத்தான் காட்டணும்."

மியாதாகே அவளைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். "மினுங்குறதைக் காட்டினா பாதி வாய்ப்பாவது இருக்கு உனக்கு."

"அந்தப் பாதி எனக்கு வேண்டாம் முதலாளி. ஒண்ணே ஒண்ணு கேட்கறேன். அவர் விளையாடும்போது நீங்க மன்னிப்புக் கேட்கக் கூடாது."

"அது கஷ்டம்," என்றார் மியாதாகே உண்மையாகவே.

குகே கீழே குளிர்ந்த ஊதோன் இரண்டு கிண்ணம் முடித்துவிட்டுத்தான் மேலே வந்தார். பெரிய உடம்பு. தோளில் துண்டு.

"என்னய்யா மியாதாகே, கல்லா நிறையுதா?"

"ஏதோ ஓடுதுங்க."

"ஓடட்டும், ஓடட்டும். எங்க, காட்டு."

அகாயின் விண்வெளிச் சண்டையை முதலில் ஆடினார். கப்பல்கள் அலையலையாக வந்தன. குண்டுகள் பறந்தன. எதுவும் தடங்கவில்லை. இரண்டு தடவை செத்து மூன்றாவது தடவை கொஞ்ச தூரம் போனார். "சுத்தம்," என்றார். "கையெழுத்து மாதிரி இருக்கு. எவன் எழுதினதுன்னு பார்த்ததும் தெரியுது." அகாய் தலை வணங்கினார்.

பிறகு தனுக்கி. கேசட்டிலிருந்து ஆட்டம் கீச்சிட்டுக் கணினியில் ஏறி முடியும்வரை குகே துண்டால் விசிறிக்கொண்டார். முதல் முறை ஓடினார், பிடிபட்டார். இரண்டாவது முறை வரிசையில் போய் நின்றார். பரிசோதகர் வந்தார். தனுக்கி மறைந்தது.

குகே திரும்பி மியாதாகேயைப் பார்த்தார். "பெட்டி அவுட்டா? அடப்பாவி, நீ டி.வி. ரிப்பேர்காரன்தானே!"

மியாதாகேயின் இடுப்பு தானாக வளையத் தொடங்கியது. பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"கையை எடுக்காதீங்க சார்," என்றாள் தோஷியே.

"எதை ஓட்டச் சொல்றே? ஒண்ணும் இல்லையே."

"இருக்கு. நீங்கதான் பிடிச்சிட்டிருக்கீங்க."

பரிசோதகர் நடந்தார். கடந்தார். வரிசையை விட்டு வெளியேறினார். தனுக்கி நின்றது, வாலோடு. குகே திரையை நோக்கிக் குனிந்தார்.

அடுத்த முறை வேண்டுமென்றே வரிசைக்குள் போனார். பரிசோதகர் வந்து தனுக்கி மறைந்ததும் வலப்பக்க விசையை மெல்ல அழுத்தினார். திரையில் எதுவும் அசையவில்லை. மறுபடி அழுத்தினார். பரிசோதகர் கீழே இறங்கியதும் தனுக்கி வரிசையின் மறுமுனையில், படகுப் பலகைக்குப் பக்கத்தில் நின்றது.

"அவன் மூக்குக்கு முன்னாலயே நடந்து போயிருக்கேன்!" என்றார் குகே.

"ஆமா."

"யோவ் மியாதாகே, பரிசோதகன் மூக்குக்கு முன்னாலயே!"

"பார்த்தேங்க," என்றார் மியாதாகே. அவர் பார்த்திருக்க வழியில்லை.

குகே நாற்காலியை அவள் பக்கம் திருப்பினார். வியாபாரி முகம் வந்துவிட்டது. "சரி. ஆனா கடைக்காரன் கெட்ட சரக்குன்னு எனக்கே திருப்பி அனுப்புவான். அதனால ஆட்டத்தோட வர்ற குறிப்புல கொட்டை எழுத்துல போடு. மறைவது கோளாறு அல்ல, அப்படின்னு."

"போடக் கூடாது சார்."

"என்னது?"

"சொல்லிட்டா அது வெறும் விதி. தானா நடந்தாத்தான் நெஞ்சு அடிச்சுக்கும். முதல் துறையில வேற வழியே இல்லாம பண்ணிடறேன். வரிசையில நின்னாத்தான் ஏற முடியும். ஒரு தடவை மறைஞ்சு திரும்பி வந்துட்டா எவனும் கடைக்குத் தூக்கிட்டு வர மாட்டான். நீங்க தூக்கிட்டா வந்தீங்க? மறுபடி உள்ளதானே போனீங்க."

குகே மூக்கால் ஒரு சத்தம் செய்தார். "மூணு பயணி நின்னாத்தானே இந்த வித்தை. நாலு பேர் நின்னா?"

"அப்போ பரிசோதகரே மறைஞ்சிடுவார்."

"ஆ?"

"நாலு பயணி ஆச்சு. அஞ்சாவது அவர்தான். எந்தப் பக்கம் வர்றார்னு நீங்கதான் கணக்குப் போடணும். அது கடைசித் துறை."

அது இன்னும் எழுதப்படவில்லை. இந்தக் கேள்வி வரும்வரை அவளுக்கே அது தோன்றியிருக்கவில்லை. ஆனால் சொல்லி முடித்தபோது கடைசித் துறை முழுதாகக் கண்முன் நின்றது. மழை, விளக்கு, மேலும் கீழுமாக வரிசைகள்.

குகே துண்டை மடித்து மடியில் வைத்தார்.

அகாய் தொண்டையைச் செருமினார். "சார், ஒண்ணு சொல்லாம இருக்க முடியலை. புது மாடல் கணினி வரப்போகுதுன்னு பேச்சு. அதுல ஒரே வரிசையில எட்டு உருவம் நிக்குமாம். அது வந்துட்டா இந்த ஆட்டத்துல எதுவுமே மறையாது."

கீழே யாரோ ஊதோன் மாவை மிதித்துப் பிசையும் சத்தம் தரைவழியாக வந்தது. அகாய் பொறாமையில் பேசவில்லை என்று தோஷியேக்குத் தெரியும். தன் ஆட்டத்தில் இப்படி ஒரு ஓட்டை இருந்தாலும் அவர் இதே குரலில் சொல்லியிருப்பார். மியாதாகே தன் பாதங்களைப் பார்த்தார். குகே அவளைப் பார்த்தார்.

"எட்டுன்னா வரிசையை நீளமாக்கறேன்," என்றாள் அவள். "தனுக்கி ஒன்பதாவதா நிக்கும்."

குகேயின் வயிறு முதலில் குலுங்கியது. சிரிப்பு பிறகு வந்தது. "இவளை ஒசாகாவுக்கு அனுப்புய்யா. இங்க வெச்சுக்கிட்டு என்ன பண்றே?"

"அனுப்ப மாட்டேங்க," என்றார் மியாதாகே.

குகே எழுந்தார். "கார்ட்ரிட்ஜ் தனுக்கிக்கு. அகாய், உன்னுது அவளோடதைவிட அழகு. ஆனா அது மாதிரி அழகு என் கிடங்குல ஏற்கெனவே நாலஞ்சு கிடக்கு. கோபப்படாதே." பிறகு தோஷியேயிடம், "குறிப்புல ஒரு வார்த்தையும் போட வேண்டாம், உன் இஷ்டம். ஆனா ஒரு நிபந்தனை. மறைஞ்ச பிறகு எவ்வளவு தூரம் நகர்ந்தேன்னு எனக்கு ஒரு மண்ணும் தெரியலை. குத்துமதிப்பா அழுத்தினேன். பலகையைத் தாண்டிக் கடல்ல விழுந்திருப்பேன். அதுக்கு ஏதாவது பண்ணு. தனுக்கியை மட்டும் காட்டிடாதே."

மியாதாகே அவரைத் துறைவரை கொண்டுபோய் விடக் கிளம்பினார். படியில் இருவர் குரலும் இறங்கிப் போயின.

அகாய் தன் கேசட்டை எடுத்து உறையில் போட்டார். இழுப்பறையை அவரே திறந்து, உள்ளே வைத்து, மூடினார். கோபம் இருந்தது. கையில் காட்டவில்லை.

தோஷியே அவர் மேசைக்கு எதிரில் போய் நின்றாள்.

"அண்ணே, எனக்குச் சத்தம் வேணும்."

"என்ன சத்தம்?"

"தனுக்கி நடக்கிற சத்தம். மறைஞ்சிருக்கும்போது மட்டும். ஒரு அடிக்கு ஒரு சத்தம். கேட்டுக்கிட்டே எவ்வளவு தூரம் வந்தோம்னு தெரியணும்."

"நல்லா இருக்குடி நியாயம். என் நிரலைத் தூக்கி வெளிய போட்டுட்டு, இப்போ என்கிட்டயே வந்து கேட்கறே."

"ஆமா, கேட்கறேன். எனக்குச் சத்தம் வராது. நான் போட்டா தகர டப்பாவைத் தட்டின மாதிரி இருக்கும். உங்களுக்குத்தான் வரும்."

அது முகத்துதி இல்லை என்று இருவருக்கும் தெரியும். அகாயின் வெடிகளைக் கேட்பதற்கென்றே அவர் ஆட்டங்களை வாங்குகிறவர்கள் இருந்தார்கள்.

அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். "மறைஞ்சவன் எதுக்குச் சத்தம் போடுறான்?" என்றார். கேள்வி அவளிடம் இல்லை. தன்னிடமே கேட்டுக்கொண்டார்.

"பயம்," என்றாள் தோஷியே.

"பரிசோதகனுக்குக் கேட்காதா?"

"துறையில அவ்வளவு இரைச்சல். எஞ்சின், அலை, ஒலிபெருக்கி. அவருக்குத் தன் விசிலைத் தவிர எதுவும் கேட்காது. எனக்குத் தெரியும்."

அகாய் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "மரச்செருப்பா?"

"வெறுங்கால். ஈரப் பலகை."

அவர் ஆட்காட்டி விரலால் மேசையைத் தட்டினார். தோஷியே தலையை ஆட்டினாள். நகத்தால் தட்டினார். மறுபடி தலையாட்டல். உள்ளங்கையின் ஓரத்தை மேசையில் ஒற்றி எடுத்தார். மெத்தென்று ஒரு சத்தம், விட்டு இன்னொன்று.

"கிட்டத்தட்ட," என்றாள். "ரெண்டாவது அடி கொஞ்சம் தயங்கட்டும்."

"ஏன் தயங்கணும்?"

"பரிசோதகர் திரும்பிப் பார்க்கிறார்."

அகாய் கையை நிறுத்தினார். தன் பின்னால் யாரோ நிற்பதுபோல் ஒரு கணம் கழுத்தை அசைக்காமல் இருந்தார். பிறகு உள்ளங்கையை மிக மெதுவாக மேசையில் வைத்தார்.

"இதா?"

"இதேதான்," என்றாள் தோஷியே. அவர் கணினியை முடுக்கினார்.